பினாங்கு–லங்காவி: விமானமா, ரயிலும் ஃபெரியுமா?

மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்து லங்காவித் தீவுக்குப் போக, விமான டிக்கெட்டில் 35, 40 நிமிடம் என்று போட்டிருக்கும். அதை நம்பி, பதினொரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு லங்காவியில் என்று கணக்குப் போடுகிறவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து லங்காவி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர். ஜெட் விமானம் முழு வேகத்தில் போனால் பத்தே நிமிடம். ஆனால் உயரம் ஏறி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடுவதால், அந்த வேகம் இந்த வழியில் வாய்ப்பதில்லை.

நேரத்தை முழுங்குவது வானம் இல்லை, தரைதான். லங்காவி இருப்பது வடக்கே. விமான நிலையமோ பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே 16 கிலோமீட்டர். வடக்கே போக முதலில் தெற்கே போகவேண்டும், அதுவும் தொழிற்சாலைகள் நிறைந்த பக்கம். வேலை விடும் நேரத்தில் மாட்டினால் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது, பறப்பது, இறங்கிப் பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்தால் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்னொரு வழி. முன்பு ஜார்ஜ்டவுனிலிருந்தே லங்காவிக்கு நேரடி ஃபெரி இருந்தது, மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். கோவிட் காலத்தில் அது நின்றுபோனது. அது இல்லாததால் ஃபெரியில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் கெடா மாநிலத் தலைநகர் அலோர்ஸ்டார், அப்புறம் டாக்சியில் கோலா கெடா படகுத்துறை, மறுபடி ஃபெரியில் ஒன்றேமுக்கால் மணி நேரம். காத்திருப்பதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

நேரத்தில் விமானம்தான் ஜெயிக்கிறது, சந்தேகமில்லை. ஆனாலும் தனியாகப் போனால் நான் ரயில்தான் ஏறுவேன். கெடாவின் நெல் வயல்கள் ஜன்னலோரம் ஓடிக்கொண்டே இருக்கும். அறுவடை முடிந்த சமயமானால் வயலெங்கும் கொக்குகள். ஃபெரி அந்த அளவுக்கு இல்லை. கண்ணாடியெல்லாம் உப்பு படிந்து கடலே தெரியாது, உள்ளே ஏர்கான் எலும்பைக் குடையும். காற்றுக் காலத்தில் வயிற்றைப் புரட்டும், வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம்.

எங்கே தங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பந்தாய் செனாங் கடற்கரை என்றால் விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடலாம். லங்காவியின் கூவா டவுன் என்றால் ஃபெரி இறங்குவதே அங்கேதான். விமானத்தில் வந்தவர்தான் இன்னும் அரைமணி நேரம் காரில் போகவேண்டும்.

ரயில் வழி என்று முடிவு செய்தால் காலை வண்டியையே பிடியுங்கள். கோலா கெடாவில் இரவு வெகுநேரம் வரை ஃபெரி இருக்காது.