ஆப்பசோடாவா, சீயக்காயா: எண்ணெய் தேய்த்த தலைக்கு எது பொருந்தும்?

சென்ற படைப்பின்போது, அதாவது முன்னோருக்குப் படையலிடும் குடும்ப வழிபாட்டின்போது, பங்காளிகள் அனைவரும் பெரிய வீட்டில் கூடியிருந்தோம். வெளியூரில் வளர்ந்த என் சித்தப்பா மகள், எண்ணெய் தேய்த்துக்கொண்ட தலையோடு சமையற்கட்டுக்கு வந்து, ஆப்பசோடா டப்பாவை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தாள். இரசாயனம் கலந்த ஷாம்பூவை விட்டுவிட்டதாகவும், சமையல் சோடாவே இயற்கையான தலைக்குளியலுக்கு உகந்தது என்று கைபேசியில் பார்த்ததாகவும் சொன்னாள். அப்பத்தா அவளைத் தடுக்கவில்லை. "ஆப்பத்துக்குப் போடுற சோடாவ எதுக்குத்தா தலையில போடுற?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சுளகிலிருந்த பயற்றைப் புடைக்கத் தொடங்கினார். அந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடிப் பார்த்ததன் விளைவே இந்த ஒப்பீடு.

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் தலைமுடியைக் கழுவ இன்று புழங்குபவை நான்கு: சீயக்காய்த் தூள், அரப்புத் தூள், ஷாம்பூ, புதிதாக வந்து சேர்ந்திருக்கும் ஆப்பசோடா. இவற்றை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். தேய்த்த நல்லெண்ணெயை இது உண்மையில் எடுக்கிறதா? முடியையும் தலைத்தோலையும் கெடுக்காமல் எடுக்கிறதா? நம் வீட்டுக் குழாயில் வரும் நீரோடு இது ஒத்துப்போகிறதா? பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் குறித்து வைத்திருக்கும் ஊரில் முதற்கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது.

சோதிக்கும் முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பசோடா, சமையல் சோடா, பேக்கிங் சோடா ஆகிய மூன்றும் சோடியம் பைகார்பனேட் என்னும் ஒரே பொருளின் பெயர்கள். துணி துவைக்கப் பயன்படும் சலவை சோடா சோடியம் கார்பனேட். அது பன்மடங்கு கடுமையான காரம் என்பதால் தலைக்கு அருகில்கூட வரக்கூடாது. பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு ஓர் அமில உப்பையும் மாவுப்பொருளையும் கலந்த கலவை. அதைத் தலையில் தேய்த்தால் கஞ்சிப் பசைதான் மிஞ்சும். மளிகைக் கடையில் வெறுமனே "சோடா உப்பு" என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆகவே உறையைப் படித்துப் பார்த்து வாங்குவதே முறை.

சோடாவின் முதல் தோல்வி எண்ணெயில்தான். எண்ணெயை நீரோடு சேர்த்து வெளியேற்ற வேண்டுமானால், ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு வேண்டும். சீயக்காயிலும் அரப்பிலும் உள்ள சபோனின்களும், ஷாம்பூவில் உள்ள செயற்கைச் சலவைப் பொருள்களும் அத்தகையவை; சோடா அத்தகையது அன்று. காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடுமே என்று கேட்கலாம். அதற்குச் சோப்புக் காய்ச்சுபவர் பயன்படுத்தும் கடுங்காரம் வேண்டும். ஆப்பசோடாவின் மென்காரத்தால் அது நடவாது. ஐயமிருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டு மூடி போட்ட பாட்டில்களில் நீர் ஊற்றி, ஒன்றில் ஒரு தேக்கரண்டி சோடாவையும் மற்றொன்றில் ஒரு தேக்கரண்டி சீயக்காய்த் தூளையும் கரைத்து, இரண்டிலும் சில துளி நல்லெண்ணெய் விட்டுக் குலுக்கி வையுங்கள். சோடா நீரில் எண்ணெய் மீண்டும் மேலே வந்து தனியே மிதக்கும். சீயக்காய் நீரில் அது நுரையோடும் கலங்கலோடும் சிதறி நிற்கும். சித்தப்பா மகள் அன்று இருமுறை அலசியும் பிசுக்குப் போகாமல், கடைசியில் சீயக்காய்க் கிண்ணத்தைத்தான் கேட்டு வாங்கினாள்.

இரண்டாவது கேள்வி, ஒரு பொருள் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவைப் பற்றியது. அழகப்பச் செட்டியாரின் நிலக்கொடையிலும் நிதிக்கொடையிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தன்னிடத்தே கொண்டிருக்கும் காரைக்குடியில் இந்தச் சொல் பலருக்குப் பழகியதே எனினும், குளியலறையில் அது நினைவுக்கு வருவதில்லை. நடுநிலை நீரின் அளவு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தலைத்தோலின் இயல்பான அளவு ஏறத்தாழ 5.5, முடித்தண்டின் அளவு இன்னும் தாழ்ந்து 3.67 என்று, 123 ஷாம்பூக்களைச் சோதித்து 2014இல் முடியியல் இதழொன்றில் வெளிவந்த ஆய்வு குறிக்கிறது. ஆப்பசோடாக் கரைசலின் அளவோ 8.3 அளவில் நிற்கும். 5.5க்கும் 8.3க்கும் இடைவெளி சிறிதாகத் தோன்றினாலும், இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், உண்மை வேறுபாடு 600 மடங்குக்கும் மேல்.

காரம் பட்டால் முடி என்ன ஆகிறது? முடியின் வெளிப்புறத்தில் ஓட்டு வீட்டுக் கூரைபோல் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மென் அமிலத்தில் அவை ஒட்டிப் படுத்திருக்கும். காரத்தில் முடி நீரை உறிஞ்சி வீங்க, செதில்கள் விளிம்பு தூக்கும். அதோடு முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் கூடுவதால் இழையும் இழையும் உராய்ந்து, சிக்கும் பறட்டையும் முறிவும் தொடங்கும். முதல் முறை சோடா போட்டவர்கள் "தலை இலேசாகிவிட்டது" என்று மகிழ்வது பொய்யன்று. படிந்திருந்தவற்றில் சில நீங்கியதன் உணர்வு அது. வாரந்தோறும் தொடர்ந்தவர்களின் தலைமுடி தென்னந்தும்பாய் மாறுவதும் பொய்யன்று.

இங்கே ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. "நீர் நிறையச் சேர்த்துவிட்டால் சோடா சாதுவாகிவிடும்" என்பார்கள். எலுமிச்சைச் சாற்றுக்கு இது பொருந்தும்; சோடாவுக்கு அரைகுறையாகவே பொருந்தும். பைகார்பனேட் ஒரே நேரத்தில் அமிலமாகவும் காரமாகவும் நடக்கக்கூடியது என்பதால், நீர் கூடினாலும் குறைந்தாலும் அதன் பி.எச். பெரிதும் அசைவதில்லை. நீர் கூட்டுவதால் கிடைக்கும் நன்மை, கரையாத துகள்கள் தோலை உரசுவதில்லை என்பதும், தலைத்தோல் ஈடுகட்ட வேண்டிய காரத்தின் மொத்த அளவு குறைகிறது என்பதுமே. இதைவிட முக்கியமானது வெந்நீர். சோடாவை நீரோடு கொதிக்க வைத்தால் கரியமில வாயு பிரிந்து, பைகார்பனேட் படிப்படியாகக் கார்பனேட்டாக, அதாவது சலவை சோடாவாக, மாறுகிறது. எண்ணெய்க் குளியலுக்கு அண்டாவில் நீர் கொதிக்கும் வீடுகளில், அந்தக் கொதிநீரிலேயே சோடாவைக் கரைப்பதைப் போன்ற தவறு வேறில்லை.

இனிச் சீயக்காய். காய்ந்த காய்களில் உள்ள சபோனின் எண்ணெயை எடுக்கும்; கரைசல் மென்மையான அமிலத்தன்மை உடையது; செதில்களைத் தூக்குவதில்லை. ஆனால் "சீயக்காய்" என்று நாம் சொல்வது தனிப்பொருளன்று, ஒரு கூட்டுப்பொருள். எங்கள் வீட்டுக் கணக்கு, 1 கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், ஒரு கைப்பிடி பூந்திக்கொட்டைத் தோல், வெயிலில் காய்ந்த எலுமிச்சைத் தோலும் செம்பருத்தி இலையும் கையில் இருக்கும் அளவு. முற்றத்தில் இரண்டு மூன்று நாள் வெயில் கண்டபின், சீயக்காய் அரைப்பதற்கென்று தனிக்கல் வைத்திருக்கும் மில்லில் கொடுத்து, வந்ததும் சலித்து ஆறவைத்து அடைப்பார்கள். இதில் பயறு எண்ணெயை உறிஞ்சுகிறது. வெந்தயத்தின் கொழகொழப்பு முடியை வழுவழுப்பாக்குகிறது. நீருக்குப் பதில் வடிகஞ்சியில் குழைக்கும் வழக்கமோ தூள் தலையில் வழியாமல் நிற்க உதவுகிறது. கழுவுவதும் பதப்படுத்துவதும் ஒரே கிண்ணத்தில் நடந்துவிடுகின்றன என்பதே இதன் தனிச்சிறப்பு; சோடாவுக்கு அந்த இரண்டாம் பாதி அறவே இல்லை.

குறையே இல்லையா என்றால், தாராளமாக உண்டு. கண்ணில் பட்டால் சீயக்காய் தரும் எரிச்சலைச் சிறு வயதில் அழுதவர்கள் அறிவார்கள். தூள் அரைக்கும்போதும் கொட்டும்போதும் தும்மல் வரும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் தள்ளியிருப்பது நல்லது. சரியாகச் சலிக்காத தூள் உச்சியில் திப்பியாய் நின்று, உலர்ந்தபின் பொடுகு போல் உதிரும். எண்ணெய் தேய்க்காமல் வெறுந்தலையில் அடிக்கடி போட்டால் இதுவும் வறட்டும். காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பவருக்கு இத்தனை அலசலுக்கு நேரமும் இல்லை.

அரப்பு என்பது உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த தூள். நம் வறண்ட நிலத்தில் தானே வளரும் மரம் அது. நுரை சொற்பமாகத்தான் வரும், வழுக்கல் மிகுதி. சிக்கு எடுப்பதில் சீயக்காயைவிட ஒரு படி மேல் என்பது என் அனுபவம். அடர்ந்த நீள முடியிலிருந்து பச்சைத் துகளை அலசி எடுப்பதற்குள் ஒரு தொட்டி நீர் காலியாகிவிடும் என்பதும் என் அனுபவமே.

ஷாம்பூவை "இரசாயனம்" என்று ஒதுக்கிவிட்டுச் சோடாவை "இயற்கை" என்று ஏற்பது பொருளற்ற வேறுபாடு. நாம் டப்பாவில் வாங்கும் சோடாவும் தொழிற்சாலையிலிருந்து வருவதே. மேற்சொன்ன 2014ஆம் ஆண்டு ஆய்விலேயே, சோதித்த ஷாம்பூக்களில் 5.5 அல்லது அதற்கும் குறைவான பி.எச். கொண்டவை 38 விழுக்காடுதான் என்பதால் எல்லா ஷாம்பூவும் சாது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சுமாரான ஷாம்பூகூட எண்ணெயை எடுக்கிறது. கடின நீரிலும் வேலை செய்கிறது. சோடா இவ்விரண்டிலும் பின்தங்குகிறது. சீயக்காயின் பெயரைத் தாங்கி வரும் சோப்புக் கட்டிகளை மட்டும் தூளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சோப்பு எந்தப் பெயரில் வந்தாலும் அதன் பி.எச். பெரும்பாலும் 9க்கு மேல், அதாவது ஆப்பசோடாவையும் மிஞ்சியது.

மூன்றாவது கேள்வி நீர். ஓட்டுச் சரிவுகளிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைநீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைத்த வீடுகள் இவை. மழைநீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இல்லாததால் எதைத் தேய்த்தாலும் தடையின்றி அலசிவிடலாம். இன்று ஊருக்கு ஊர் நீர் மாறுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக உள்ள தெருக்களில் குழாய் முனையில் வெள்ளைப் படிவம் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதே படிவம் முடியிலும் ஏறும். அதைக் காணும்போதுதான் பலர் "படிவம் நீக்க சோடா" என்று போகிறார்கள். சுண்ணாம்புப் படிவத்தைக் கரைப்பது அமிலம், காரம் அன்று. 1 லிட்டர் நீரில் அரை எலுமிச்சம்பழச் சாறு, அல்லது 1 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து கடைசியாக ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசுவது அதற்கு ஏற்றது. எலுமிச்சைச் சாறு தோலில் தங்கிய நிலையில் வெயிலில் நிற்கக்கூடாது. புண்ணும் கருந்திட்டும் வரும்.

பொடுகுக்குச் சோடா மருந்து என்பதையும் ஏற்பதற்கில்லை. பொடுகில் மலசீசியா என்னும் பூஞ்சைக்கும் தலைத்தோலின் எண்ணெய்க்கும் பங்குண்டு. சோடா செதிலைத் தேய்த்து உதிர்க்கும். மறுநாள் எரிச்சலில் இன்னும் செதில் வரும். பூஞ்சையை அடக்கும் மருந்தான கீட்டோகோனசோல் 2 விழுக்காடு கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு, 2 முதல் 4 வாரம் பயன்படுத்துவது மருத்துவர்கள் சொல்லும் வழி.

அப்படியானால் சோடாவுக்கு இடமே இல்லையா? ஒரே ஓர் இடம் உண்டு: திருமண அலங்காரத்துக்காக ஜெல்லும் ஸ்பிரேயும் அப்பி, தலைமுடி மெழுகுபோல் ஆகியிருக்கும் நிலை. அப்போதும் படிவம் நீக்கும் ஷாம்பூவைத்தான் நான் முதலில் எடுப்பேன். சோடாவேதான் வேண்டும் என்பவர்கள், தட்டையாக ஒரு தேக்கரண்டியை, ஏறத்தாழ 5 கிராமை, அரை லிட்டர் சாதாரண நீரில் முழுதும் கரையும்வரை கலக்கி, நனைத்த தலையில் வேர்ப்பகுதிக்கு மட்டும் ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியால் தடவி, ஒரு நிமிடத்துக்குள் அலசிவிட வேண்டும். அதன்பிறகே மேற்சொன்ன எலுமிச்சை அல்லது வினிகர் நீர். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து பொங்கவிடுவது பார்வைக்கு அழகு; ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, உப்பு நீரே மிஞ்சும். மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

சாயம் பூசிய முடி, நேராக்கிய முடி, ஏற்கெனவே வறண்டு நுனி பிளந்த முடி ஆகியவற்றில் ஒருமுறைகூட முயல வேண்டாம். தலையில் புண், சொரியாசிஸ், கரப்பான் உள்ளவர்களும் குழந்தைகளும் முற்றிலும் விலகியிருக்க வேண்டும். குழந்தையின் கீறிய தோல் வழியே சோடா உடலுக்குள் செல்லக்கூடும். மற்றவர்கள் முந்தின நாளே கரைசலில் ஒரு சொட்டைக் காதின் பின்புறம் தடவிப் பார்த்து, 24 மணி நேரத்தில் சிவப்போ அரிப்போ இல்லையெனில் மட்டும் தொடரலாம். தலையில் ஊற்றியதும் எரிச்சல் கண்டால், நிமிடக் கணக்குப் பார்க்காமல் நிறைய நீர் விட்டு அலசுங்கள். அலசியபின்னும் எரிச்சல் நின்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.