கான்டஸாவுக்கு ஆல்டோ டயரு: டிராக் வண்டிக்கு முன்னாடி ஒல்லி டயர் தேடறவங்களுக்கு

டிராக் (drag) ரேஸுக்கு, அதாவது நேர்கோட்டுல 402 மீட்டர் ஓடற ரேஸுக்கு, வண்டி ரெடி பண்றவங்க எல்லாருக்கும் காசு பூராம் இன்ஜினுக்கும் பின் டயருக்குமே போயிருது, முன் டயருக்குன்னு வர்றப்ப பாக்கெட்டைத் தொழாவணும். எங்க கதையும் அதேதானுங்க. பழைய கான்டஸா, 1.8 இசுஸு இன்ஜின்ல டர்போ ஏத்துனது, பின்வீல் டிரைவ், நானும் என்ற மச்சானும் கூட்டா வெச்சிருக்கறோம். இழுக்கறது பின் டயருதாங்கறதால, முன்னாடி ஒல்லியா போட்டா கனமும் உரசலும் கம்மி. அதுக்கு முன்னாடி இப்பப் போட்டிருக்கறது 145/80 ஆர்13 (145 மில்லி அகலம், 13 இஞ்ச் ரிம்), இப்ப வர்ற ஆல்டோ கே10ல இருக்கற அதே சைஸ். ஜோடி ஏழாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. இந்தக் காசுக்கு இதைவிட உருப்படியா ஒண்ணும் கெடைக்காதுங்க, ஆனா பிரேக் விசயத்துல மட்டும் கொஞ்சம் உசாரா இருக்கோணும், அதைக் கீழ சொல்றேன்.

இதுக்குன்னே செஞ்ச டயர் இல்லாம இல்ல. மிக்கி தாம்சன், ஹூசியர்னு அமெரிக்காக்காரன் 15 இஞ்ச் ரிம்முக்கு 26 இஞ்ச் ஒசரம் 4 இஞ்ச் அகலத்துல போடறான், பாக்கவே ஆசையா இருக்கும். ஆனா 2020ல புது டயர் எறக்குமதிக்கு கவர்மென்ட் கட்டுப்பாடு போட்டதுக்கப்பறம் அதைக் கொண்டாறது பெரிய ரோதனை, கப்பல் கூலி, வரின்னு எல்லாஞ் சேத்துனா முன் டயரு ரெண்டுக்கு ஆகற காசுல இங்க கியர்பாக்ஸே ஒருக்கா புடிச்சு செஞ்சரலாம்.

அடுத்து எல்லாரும் சொல்ற ரோசனை, புது கார்கள்ல குடுக்கறானே அந்த ஒல்லி ஸ்டெப்னி, கோயமுத்தூர் உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைல அள்ளிக்கலாம்னு. வேண்டாமுங்க. அதும்மேலயே 80 கிலோமீட்டருக்கு மேல போகாதேன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், எங்க வண்டி 402 மீட்டர் முடியறப்ப 150ஐத் தொடுது, அந்த வேகத்துல போயி பிரேக்கையும் அமுத்துனா அது தாங்குமா தாங்காதான்னு சோதிச்சுப் பாக்கறதுக்கு நாங்க ஆளில்ல. நானோவோட முன் டயரு 135/70 ஆர்12, இன்னும் ஒல்லி, ஆனா அந்த ரிம்மை ஹப்புல மாட்டற ஆணி மூணுதான், அதுமில்லாம வண்டியே 2018ல நின்னுபோச்சு. ஆம்னி டயரு கட்டையா நல்லாத்தான் இருக்கும், லோடு வண்டிக்குன்னு செஞ்சதால கனம் எச்சு, வேகக் கணக்கும் கம்மி, 12 இஞ்ச்ங்கறதால முன்னாடி டிஸ்க் பிரேக் வெச்சிருந்தா ரிம்மு பிரேக் கட்டையைப் புடிச்சிருக்கற கேலிப்பர்ல போயி இடிக்கும்.

டயர் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. வண்டியைக் கொண்டு போயி பக்கத்துல இருக்கற எடைமேடைல முன் சக்கரம் ரெண்டை மட்டும் ஏத்தி எடை போடுங்க. நாங்க போனப்ப அங்க தேங்காய் லோடு லாரி வரிசைல நிக்குது, நடுவுல இவனுக காரைக் கொண்டாந்து பாதிதான் ஏத்துவேங்கறானுகளேன்னு அந்த அண்ணன் ஒரு மாதிரி பாத்தாரு, ஆனா சீட்டு போட்டுக் குடுத்துட்டாரு, மச்சானை உள்ள உக்கார வெச்சு 640 கிலோ. டயர் சைடுல 75எஸ்னு போட்டிருக்கும், 75ங்கறது ஒரு டயரு 387 கிலோ தாங்கும், எஸ்ங்கறது 180 வேகம். ரெண்டுக்கும் சேத்தி 774, போதுமான இடைவெளி இருக்குது. உங்க வண்டில கனமான இன்ஜின் இருந்தா இந்தக் கணக்கு மாறும், ஊரான் சொன்னான்னு வாங்கிராதீங்க.

கடைல பாக்க வேண்டியது தேதி. சைடுவால்ல நாலு நம்பர் இருக்கும், 2324ன்னா 2024ஆம் வருசம் 23ஆவது வாரம். மொதல்ல போன கடைல பளபளன்னு பாலீஷ் போட்டு வெச்சிருந்தாங்க, குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தா நாலு வருசத்துக்கு முந்தி வந்தது, கேட்டா "ஏனுங் தம்பி, டயரென்ன பாலா கெட்டுப்போறதுக்கு"ன்னு அவுரு கேக்கறாரு. டயரு ஓடலைன்னாலும் ரப்பரு இறுகிட்டேதான் இருக்கும், டிராக் வண்டில முன் டயரு தேஞ்செல்லாம் போகாது, வயசாகித்தான் சாகும், அதனால வாங்கறப்பவே புதுசா வாங்கோணும். கம்பெனி எதுன்னு கேக்காதீங்க, பெரிய கம்பெனி எது எடுத்தாலும் இந்த சைஸ்ல பெருசா வித்தியாசம் தெரியப்போறதில்ல. தேஞ்சதுமேல புது ரப்பரு ஒட்டி ரீட்ரெட் போட்ட டயரை மட்டும் சும்மா குடுத்தாலும் தொடாதீங்க.

ரிம்முக்கு பழைய மாருதி இரும்பு ரிம்தான், கணபதில ஒரு லேத்துல ஹப்புக்கு ஆணி ஓட்டையை மாத்திப் போட்டோம். அகல ரிம்மை நடுவுல வெட்டி ஒட்ட வெச்சுத் தர்றேன்னும் ஒருத்தர் சொன்னாரு, அந்த வேலையை நான் நம்பல.

ஓட்டறதுக்கு எப்புடின்னா, ஸ்டீரிங் பொசுக்குன்னு லேசாயிருச்சு. முன்ன இருந்த 175/80 ஆர்13க்கு இது விட்டத்துல 48 மில்லிமீட்டர் கம்மி, அதனால மூஞ்சி 24 மில்லி எறங்கி நிக்குது, அது எனக்கு புடிச்சிருக்குது. ஒரு நட்டம் என்னன்னா, ஸ்டார்ட் லைன்ல குறுக்க ஒரு ஒளிக்கதிர் போகும், முன் டயரு அதை விட்டு வெளிய வந்தாத்தான் டைம் ஓட ஆரம்பிக்கும், டயரு பெருசா இருந்தா அதுவரைக்கும் வண்டி ஓசில கொஞ்சம் உருண்டுக்கும், நம்மளது சின்ன டயருங்கறதால அந்த ஓசி கம்மி. வெள்ளைக்காரன் 26 இஞ்ச் போடறதுல இந்த சூட்சுமமும் உண்டு. நொடில ஒரு துளி சமாச்சாரம்தான், எங்களாட்ட ஆளுகளுக்கு அது ஒண்ணும் குடி முழுகிப்போறதில்ல.

காத்து 30 psi வெச்சப்ப நூறுக்கு மேல முன்னாடி அலைஞ்சுது, சைடுவால் மெத்துமெத்துன்னு இருக்கறதால. 38க்கு ஏத்துனதும் நேரா புடிச்சு போகுது. டயர்ல போட்டிருக்கற மேக்ஸிமத்தைத் தாண்டாதீங்க. பிரேக்குதான் பிரச்சனை: ஏபிஎஸ் கெடையாது, ரப்பரு தரைல படறதே கொஞ்சூண்டு, சட்டுனு மிதிச்சா முன்வீல் லாக்காயி வழுக்கிட்டுப் போவுது. லைனைத் தாண்டுனதும் மொதல்ல ஆக்ஸிலேட்டரை விட்டு வேகத்தைக் கொறைச்சு, அப்பறம் மெல்லமா அமுத்தி அமுத்தி நிறுத்தோணும். லைனுக்கு அப்பறம் நிறுத்த தூரம் பத்தாத எடத்துல இந்த செட்டப் வேண்டவே வேண்டாம். ராத்திரி பைபாஸ்ல போட்டுப் பாக்கலாம்னு நெனைக்கறவங்களுக்கும் இதையேதான் சொல்றேன், நாங்க ட்ரெய்லர்ல ஏத்திட்டுத்தான் போறோம், ரோட்டுக்கு வேற ரிம் செட்டு.

ஸ்விஃப்ட், போலோ வெச்சிருக்கற பசங்க சிலபேரு இதே மாதிரி முன்னாடி போடலாமான்னு கேட்டாங்க. உங்களுது முன்வீல் டிரைவ் தம்பிகளா, இழுக்கறதே அந்த ரெண்டு டயருதான், ஒல்லியைப் போட்டா நின்ன எடத்துலயே சுத்தும். போடறதுன்னா பின்னாடி போடுங்க, எடை கணக்கை மட்டும் பாத்துக்கிட்டு.