ஷ்ரிங்கர் ஸ்ட்ரெச்சர்: நான்கு வருடமாகியும் தீராத பல் தடம்

தகட்டின் மடிப்பைப் பல்லால் கடித்துச் சுருக்குவது ஷ்ரிங்கர், அதையே கடித்து நீட்டுவது ஸ்ட்ரெச்சர்; கைப்பிடியை இழுத்து இயக்கும் கருவி. போன வாரம்தான் ஷ்ரிங்கரின் தாடைகளை மாற்றினேன். பழைய பற்கள் மழுங்கி, கடிக்காமல் வழுக்க ஆரம்பித்திருந்தன. மாற்றிய கையோடு நண்பன் கேட்கிறான்: "இதை வாங்கலாமாடா?"

இந்தக் கருவி வருவதற்கு முன், வண்டியின் சக்கர வளைவில் வரும் உள்மடிப்பு என்றாலே எனக்கு அலுப்பு. மடிப்பில் ஆங்காங்கே வெட்டுப் போட்டு வளைத்து, வெட்டுகளை வெல்டிங்கால் அடைத்து, கிரைண்டர் பிடிப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். சூட்டில் தகடு முறுக்கிக்கொள்வது தனிக்கதை. இப்போது 20 கேஜ் தகட்டை எல் வடிவில் மடித்து, மடிப்பை மட்டும் தாடைக்குள் கொடுத்துக் கைப்பிடியை இழுத்தால் போதும். கடிக்குக் கடி உலோகம் உள்ளே சுருங்கி, நேர்ப்பட்டை கண்ணெதிரே வில்லாகிறது. அதிகமாக வளைந்துவிட்டால் ஸ்ட்ரெச்சரில் ஒன்றிரண்டு கடி, சரியாகிவிடும். ஒரே இடத்தில் பேராசைப்பட்டுக் கடித்தால் மட்டும் கோணிக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பல் தடம் இருக்கிறதே! கடித்த இடமெல்லாம் அரம் பதிந்ததுபோலச் சொரசொரப்பு. வெளியே தெரியாத இடம்தானே என்பார்கள். தெரியாத இடம்தான், ஆனால் சேறும் ஈரமும் போய் உட்காருவதும் அதே மடிப்பில்தான். துரு பிடித்ததால்தான் பழைய தகட்டை வெட்டி எடுத்தேன். புதுத் தகட்டில் துருவுக்கு நானே வரப்பு கட்டிக் கொடுப்பதா? தேய்த்து எடுத்தால் தகடு மெலிகிறது, விட்டுவிட்டால் மனசு கேட்பதில்லை. லேசாக அரம் போட்டு, பிரைமரை இரண்டு கை கூடுதலாக அடித்துவிட்டு, நான்கு வருடமாகத் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் பாதித் தப்பு என்னுடையது. துத்தநாகப் பூச்சுள்ள தகட்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அப்படியே கொடுத்திருக்கிறேன். பல் இடுக்கு அடைத்துக்கொண்டால் பிடி நழுவும், நழுவினால் இன்னும் ஆழமாகக் கீறும். கம்பி பிரஷ் போடும் பழக்கம் தாமதமாகத்தான் வந்தது. அப்புறம், 20 கேஜைவிடத் தடிமனான 18 கேஜ் வரை போகும் என்பது உண்மைதான். போவது தகடு மட்டுமல்ல, தோள்பட்டையும்.

நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். "அப்போ உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன்" என்றான். அதெல்லாம் முடியாது, இடது பக்க மடிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.