வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? கடவுளை நம்பும் ஒழுக்கமும் நம்பாத ஒழுக்கமும்

நான்கு நாள் வெளியூர் போகிறீர்கள். வீட்டுச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பக்தர், இன்னொருவர் கடவுள் கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்பவர், இதைத் தவிர இருவரைப் பற்றியும் உங்களுக்கு எதுவும் தெரியாது. யாரிடம் கொடுப்பீர்கள்?

பெரும்பாலானவர்களின் கை பக்தர் பக்கம்தான் நீளும். 13 நாடுகளில் 3,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. கொடூரமாகக் கொலைகள் செய்யும் ஒருவனை விவரித்து, அவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று யோசிக்கச் சொன்னபோது, அவனை நாத்திகனாக நினைப்பதுதான் மக்களுக்கு எளிதாக இருந்தது. இதில் என்னை உறுத்தியது, நாத்திகர்களே கூட அப்படித்தான் நினைத்தார்கள் என்பது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-ல் 34 நாடுகளில் கேட்டபோது, ஒழுக்கமாக இருக்கக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்று சொன்னவர்களின் இடைநிலை அளவு 45 சதவீதம். ஸ்வீடனில் 9, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 96.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நம்பிக்கையோடு வளர்ந்து, இருபதுகளில் அதை இழந்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்துகொண்டே படியுங்கள். ஆனால் இரண்டு பக்கமும் வாழ்ந்து பார்த்தவன் என்பதால், எது எங்கே தாங்குகிறது, எங்கே உடைகிறது என்று கொஞ்சம் நேர்மையாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

யார் பார்க்கிறார்கள்?

நம்பிக்கை பக்கத்தின் மிகப் பழைய வாதம் இதுதான்: மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், யாருக்கும் தெரியாமல் செய்ததற்கும் கணக்கு உண்டு, அதனால் தப்பு செய்ய மாட்டேன். மதச் சகிப்புக்காக வாதாடிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் கூட 1689-ல் நாத்திகர்களுக்கு மட்டும் அந்தச் சகிப்பைத் தரவில்லை. வாக்குறுதியும் ஒப்பந்தமும் சத்தியமும் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் சொன்ன காரணம். இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1880-ல் சார்லஸ் பிராட்லா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், நாத்திகர் என்பதால் உறுதிமொழிச் சிக்கல் வந்து, மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தும் 1886 வரை அவரை முறையாக உட்கார விடவில்லை. கடவுள் பெயரில்லாமல் உறுதி சொல்லும் உரிமை 1888-ல்தான் சட்டமானது.

லாக்குக்கு முன்பே, 1682-ல், பியர் பெயில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் நேர் எதிராகச் சொல்லியிருந்தார்: மனிதர்கள் தாங்கள் நம்புவதன்படி வாழ்வதில்லை, குணத்தின்படியும் பழக்கத்தின்படியும்தான் வாழ்கிறார்கள், அதனால் நாத்திகர்கள் மட்டுமே உள்ள ஒரு சமூகமும் ஒழுங்காக நடக்க முடியும். இந்த இருவரில் யார் சொன்னது சரி?

ஆளுக்குப் பாதி என்றுதான் எனக்குப் படுகிறது. மொராக்கோவின் மராகெஷ் நகரத்தில் கடைக்காரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-ல் வந்தது. தொழுகை அழைப்பு காதில் விழும் நேரத்தில் அவர்கள் அதிகத் தாராளமாக இருந்தார்கள், மற்ற நேரத்தில் அவ்வளவு இல்லை. கடவுள் நினைவு வேலை செய்கிறது, ஆனால் நினைவுக்கு வரும்போது வேலை செய்கிறது. 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரின் கைப்பேசிக்கு ஒரு நாளில் பலமுறை செய்தி அனுப்பி, சற்று முன் நல்லதோ கெட்டதோ ஏதாவது செய்தீர்களா, பார்த்தீர்களா என்று கேட்டார்கள். நல்லது செய்த அளவிலும் கெட்டது செய்த அளவிலும் மத நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருந்தது உணர்ச்சியில். தப்பு செய்த பிறகு வரும் குற்ற உணர்வு பக்தர்களுக்கு அழுத்தமாக இருந்தது. இதை நான் சின்ன விஷயமாக ஒதுக்க மாட்டேன், நம்பிக்கை போன பிறகு எனக்கே அந்த உறுத்தல் சில வருடம் மங்கித்தான் இருந்தது.

அப்புறம் 1973-ல் வந்த, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு. இறையியல் மாணவர்கள் 40 பேர், போகிற வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து முனகுகிறார். நேரம் கையில் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ப் பேச வேண்டிய தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் கதை. அந்த இடத்தில் நாத்திகர்களை நிறுத்தியிருந்தாலும் அவர்களும் ஓடித்தான் இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன், பெயில் சொன்னது அதுதான்.

சரி, மேலே பார்க்கிறவர் இல்லையென்றால் பார்ப்பது யார்? தமிழில் இதற்குச் சொல்லே இருக்கிறது, மனசாட்சி. மனமே சாட்சி. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஆடம் ஸ்மித் 1759-ல் எழுதியதும் கிட்டத்தட்ட இதே, நமக்குள் ஒரு நடுநிலைப் பார்வையாளர் உட்கார்ந்து நம் செயலை வெளியாள் போலப் பார்க்கிறார் என்றார். ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் அதை உள்ளே நடக்கும் நீதிமன்றமாகவே வர்ணித்தார். இந்தச் சாட்சிக்கு ஒரு பெரிய குறை உண்டு. சாட்சியும் நாமே, குற்றவாளியும் நாமே, அதனால் விலை பேசி முடிப்பது சுலபம். நம்பிக்கையாளர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது அவர்கள் சொல்வது உண்மை.

ஆனால் அவர்கள் சாட்சி மட்டும் விலைபோகாதவரா? 2009-ல் வந்த ஒரு ஆய்வைப் படித்ததிலிருந்து எனக்கு இந்தச் சந்தேகம் வலுத்துவிட்டது. கடவுள் இந்த விஷயத்தில் என்ன நினைப்பார் என்று கேட்டால் பக்தர்கள் சொல்வது பெரும்பாலும் அவர்களுடைய சொந்தக் கருத்தாகவே இருக்கிறது, மற்ற மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஊகிப்பதைவிடவும் அதிகமாக. ஆய்வில் அவர்கள் கருத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தபோது கடவுளின் கருத்தும் கூடவே அசைந்தது. நம்பாதவன் தன் மனதோடு பேரம் பேசுகிறான், நம்புகிறவர் அதே பேரத்தைக் கடவுளின் பெயரில் பேசிவிட முடிகிறது.

எது நல்லது என்று யார் சொல்வது?

இங்கேதான் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சரியாகக் கேட்பதில்லை. நம்பிக்கையாளர் கேட்பது, கடவுள் இல்லாவிட்டால் நீ நல்லவனாக இருக்க முடியாது என்பதல்ல, கடவுள் இல்லாவிட்டால் 'நல்லது' என்பதற்கு ஏது அடித்தளம் என்பது. இது நியாயமான கேள்வி. கொள்ளைக்காரன் நல்லவன் இல்லை என்று நீ சொல்கிறாய், அது உன் ருசியா, இல்லை உன் ருசிக்கு வெளியேயும் நிற்கிற உண்மையா?

எதிர்க் கேள்வியும் மிகப் பழையது. சாக்ரடீஸ் யூத்திஃப்ரோ என்பவரிடம் கேட்டதாக பிளாட்டோ எழுதியது: தெய்வங்கள் விரும்புவதால்தான் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால்தான் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? முதலாவது என்றால் நாளைக்குக் கொடுமையை விரும்பினால் கொடுமையும் நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால் நல்லது தெய்வத்துக்கு முன்பே இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ள நமக்கும் வழி இருக்கலாம். கடவுளின் இயல்பே நன்மை, அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று இறையியலாளர்கள் பதில் சொல்கிறார்கள். அது மோசமான பதில் இல்லை, ஆனால் அந்த இயல்பை நன்மை என்று அடையாளம் காண நமக்கு ஏற்கனவே நன்மை தெரிந்திருக்க வேண்டுமே. 13-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸே, அடிப்படையான அறத்தை எந்த மனிதனும் பகுத்தறிவால் அறிய முடியும் என்று ஒப்புக்கொண்டவர்தான்.

கடவுள் இருக்கிறார், இல்லை என்று இரண்டே வரிசையாகப் பிரிப்பதிலும் ஒரு அவசரம் இருக்கிறது. சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது. கொல்லாமையை அவ்வளவு கறாராக எடுத்துக்கொண்ட மரபுகள் மிகக் குறைவு. புத்தரின் வழியும் படைத்தவர் ஒருவரை வைத்துக் கட்டியதல்ல. வேதத்தை உயிராகப் பிடித்திருந்த மீமாம்சகர்கள் கூட, தர்மத்துக்கு வேதம் போதும், படைத்தவர் தேவையில்லை என்றுதான் வாதிட்டார்கள். ஆனால் நாத்திகர்கள் இவர்களை அப்படியே தங்கள் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. இவர்களிடம் கர்மவினை இருக்கிறது. பார்க்கிறவர் இல்லை, கணக்கு மட்டும் தானாக எழுதப்படுகிறது.

அந்தக் கணக்கும் இல்லாத முழு நாத்திகரிடம் என்ன மிச்சம்? விளைவைப் பார் என்கிறார் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டுவர்ட் மில், எல்லோருக்கும் விதியாக்க முடிந்ததை மட்டும் செய் என்கிறார் கான்ட் (அவருடைய அமைப்பில் கடவுளுக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் கடமை அந்த இடத்திலிருந்து பிறப்பதில்லை), அறம் கூடி வாழும் விலங்கின் இரக்கத்திலிருந்து வளர்ந்தது என்கிறார் 1871-ல் டார்வின். மூவரும் ஒத்துப்போவதில்லை, தீர்ப்புச் சொல்ல மேலே யாரும் இல்லை. குறைதான். ஆனாலும் எனக்குப் போதுமான அடித்தளம் ஒன்று இருக்கிறது. பல் வலியில் துடித்த ஒரு இரவில் அந்த வலி கெட்டது என்று எனக்கு யாரும் நிரூபிக்கத் தேவைப்படவில்லை. அந்த வலி என்னுடையது என்பதால் மட்டும் கெட்டதாக இருக்க முடியாது, உங்களுக்கு வந்தாலும் அதே வலிதான். இதற்கு அடியில் இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னால் என்னால் முடியாது. நம்புகிறவரும் ஒரு இடத்தில், கடவுள் நல்லவர், அவ்வளவுதான் என்று தோண்டுவதை நிறுத்துகிறார்.

வெளியாள் வரும்போது

இரண்டு பக்கமும் நல்ல பரீட்சைக்கு வருவது இங்கே. 2016-ல், வெவ்வேறு கண்டங்களில் 8 சமூகங்களில் 591 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று, தண்டிக்கிற, எல்லாம் அறிந்த கடவுளை நம்புகிறவர்கள் தொலைவில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளுக்கும் நேர்மையாகப் பங்கு வைத்தார்கள் என்று காட்டியது. ஆனால் அந்தத் தொலைவு ஆள் அவர்கள் மதத்தவர். வட்டம் பெரிதாகிறது, வட்டமாகவே இருக்கிறது. மறுபக்கம், பீட்டர் சிங்கர் என்ற தத்துவவாதி 1972-ல், கண்முன் குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றுவாய் என்றால் தொலைதேசத்தில் பசியில் சாகும் குழந்தைக்கும் நீ கடன்பட்டவன் என்று கடவுள் பேரைச் சொல்லாமலே வாதிட்டார். வாதம் அருமை, அதைப் படித்துவிட்டு ஒன்றும் கொடுக்காமல் புத்தகத்தை மூடியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நானும் ஒருமுறை அப்படி மூடியிருக்கிறேன்.

பிரான்சில் லே ஷாம்போன் என்ற மலைக்கிராமத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அந்தப் பகுதி மக்களும் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு, பெரும்பாலும் யூதர்களுக்கு, அடைக்கலம் கொடுத்தார்கள். அது நம்பிக்கையிலிருந்து வந்தது, வெளியாளுக்காக வந்தது. இந்த உதாரணத்துக்கு முன்னால், மதம் வட்டத்துக்குள் மட்டும்தான் நல்லது செய்யும் என்று யாரும் பேச முடியாது. சிலுவைப் போர் ஒரு தட்டிலும் ஸ்டாலினும் கம்போடியாவின் போல்பாட்டும் இன்னொரு தட்டிலுமாக வைத்துப் பிணங்களை எண்ணும் வாதத்துக்குள் நான் போகவில்லை, அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆன இடத்தில் இரண்டு பக்கமும் கொன்றிருக்கிறார்கள்.

நம்பாதவர்கள் தோற்கும் இடம்

அப்பா கடைசி நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். அவரோடு சேர்ந்து பிரார்த்தனை செய்கிறவர்கள் ஒரு தாளில் பெயர் எழுதி முறை வைத்துக்கொண்டு வந்தார்கள், இரவில் ஒருவர், பகலில் ஒருவர், ஒருநாள் கூடத் தவறவில்லை. என் நண்பர்கள் பெரும்பாலும் என்னைப் போல நம்பிக்கை இல்லாதவர்கள், ஒருவருக்கும் மனசு கெட்டதில்லை, எல்லோரும் போனில் விசாரித்தார்கள், என்ன வேண்டுமானாலும் சொல் என்றார்கள். வந்து மூன்று இரவு உட்கார்ந்தவன் ஒருவன்தான். அவன் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டபடி விடிய விடிய உட்கார்ந்ததில் எந்தக் குறையும் இல்லை. குறை எங்களிடம் அந்தத் தாள் இல்லாமல் போனது. அவர்கள் வாரம்தோறும் ஒன்றாக உட்கார்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது, அடுத்து யார் போவது என்பதும் பழக்கமாக இருக்கிறது.

இன்னொன்று, தப்பு செய்த பிறகு திரும்பி வரும் வழி. மதங்களில் அதற்கு முறை இருக்கிறது, ஒப்புக்கொள்ளுதல், மன்னிப்பு, பரிகாரம், நோன்பு. அது மலிவாகவும் போகும், தெரியும். ஆனால் நம்பாதவனுக்கு மன்னிப்புக் கேட்க, தான் காயப்படுத்திய அந்த மனிதரைத் தவிர வேறு ஆள் இல்லை, அவர் இறந்துவிட்டால் அதுவும் இல்லை. நான் ஒருவரிடம் கேட்காமல் விட்டது அப்படியே கிடக்கிறது, அதைக் கொண்டுபோய் வைக்க எனக்கு இடமில்லை. இந்த விஷயத்தில் அப்பாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஆக என் கணக்கில், நல்லது எது என்று அறிவதற்கும் அதைச் செய்வதற்கும் நம்பிக்கை கட்டாயமில்லை. அதை விடாமல் செய்யவைக்கும் ஏற்பாடுகளில் நம்புகிறவர்கள் ரொம்ப தூரம் முன்னால் இருக்கிறார்கள், நாங்கள் பெரும்பாலும் அதைக் கட்டவே ஆரம்பிக்கவில்லை. கட்ட முடியாதது ஒன்றுமில்லை, தாளும் பேனாவும் போதும், வாரத்துக்கு ஒரு மாலையும். அப்பா போன பிறகு நண்பர்கள் ஐந்து பேர் அப்படி ஒரு தாள் வைத்திருக்கிறோம், இரண்டு முறை பயன்பட்டிருக்கிறது.

வீட்டுச் சாவியைச் சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் வெளியூர் போகும்போது எங்கள் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும். தினமும் கடவுளைக் கும்பிடாமல் வாசல் தாண்டாதவர் அவர். நான் எதையும் கும்பிடுவதில்லை என்பது அவருக்கு முதல் மாதத்திலேயே தெரியும், அன்றைக்கு முகம் கொஞ்சம் வாடியது, மறைக்கவும் இல்லை. போன மாதம் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.