தவணை தடுமாறினால்: கடனை நீட்டிப்பதா, வீட்டை விற்பதா?

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பசை காயவில்லை; வாசலில் பள்ளிப் பிள்ளையின் செருப்பு. இன்னும் மனசு ஆறவில்லை.

வீட்டுக் கடன் தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன். அப்புறம் சர்ஃபாசி சட்டப்படி (நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி விற்க வழி செய்யும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ், பிறகு ஏலம். அதற்கு முன்னால் இரண்டு வழி உண்டு: கடன் காலத்தை நீட்டிப்பது, அல்லது வீட்டை நாமே விற்பது.

செலவு
நீட்டித்தால்: 25 லட்சம், 9% வட்டி என்றால் 15 ஆண்டுக்குத் தவணை சுமார் 25,360 ரூபாய், 20 ஆண்டுக்கு 22,490. மாதம் மூவாயிரம்கூடக் குறையாது, மொத்த வட்டியோ 8 லட்சத்துக்கு மேல் கூடும்.
விற்றால்: வட்டி அதோடு நிற்கும். ஏலத்தைவிடப் பெரும்பாலும் நல்ல விலை வரும்.

சிபில் (கடன் மதிப்பெண்)
நீட்டித்தால்: தவணை தவறுமுன் கேட்டால் சேதம் குறைவு.
விற்றால்: பாக்கியை முழுசாக அடைத்துவிடுங்கள். குறைத்துப் பேசி ‘செட்டில்மென்ட்’ வேண்டவே வேண்டாம். அந்தச் சொல் வருடக்கணக்கில் கடன் அறிக்கையில் நிற்கும்.

சிரமம்
நீட்டிக்க வங்கியில் மனு கொடுக்க வேண்டும்; ஒப்புக்கொள்வது வங்கியின் முடிவு. விற்பதற்குப் பத்திரத்தை வங்கியிலிருந்து மீட்டு, அடமானப் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

சிப்காட்டில் வேலை போனாலும் அடுத்த வேலை உறுதியானவர் நீட்டிக்கலாம். வருமானத்துக்கு வழி தெரியாதவர் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விற்கட்டும்.