களியக்காவிளைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: எந்தச் சம்பள உயர்வு தேவலை?

நான் தமிழ்நாட்டில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அத்தை மகன் கேரளத்தில் பாறசாலைப் பக்கம் அரசு எல்.டி. கிளார்க். ஒரே வேலை, ஒரே மாதிரி கோப்பு, நடுவில் களியக்காவிளை செக்போஸ்ட். போன மாதம் அவன் வீட்டில் மரச்சீனியும் சாளைக்கறியும் தின்றுவிட்டு ரெண்டு பேரும் சம்பளக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதலில் தொடக்கச் சம்பளம். எனக்கு 19,500, அவனுக்கு 26,500. இதைப் பார்த்ததும் மைனி சிரித்தே விட்டாள். ஆனால் ஆண்டு உயர்வுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. இங்கே 3 சதவீதம், நூறாக ஏற்றினால் 600 ரூபாய். அங்கே சதவீதமே கிடையாது, ஊதிய ஏணியில் ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவன் நிற்கும் இடத்தில் அது 700. சதவீதமாகப் போட்டால் 2.6-தான் வரும். என் 600-க்கு மேல் 58 சதவீதப் பஞ்சப்படியும், அதாவது அகவிலைப்படியும், ஏறும் (2025 ஜூலை கணக்கு), ஆக 948.

பஞ்சப்படியை அவன் க்ஷாமபத்தை என்பான், ரெண்டு மொழியிலும் பஞ்சம் பஞ்சம்தான். சண்டையே இதில்தான். நமக்கு மத்திய அரசு ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை வைத்து ஏற்றுவதை மாநிலமும் பெரும்பாலும் அப்படியே பின்தொடர்கிறது. குளச்சலில் மீன் என்ன விலை என்று யாரும் பார்ப்பதில்லை, அகில இந்திய சராசரிதான், ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. கேரளத்தில் 2019 ஜூலைக் கணக்கில் அடிப்படைச் சம்பளத்தைப் புதுப்பித்தபோது பழைய பஞ்சப்படியை அதிலேயே சேர்த்துவிட்டதால் சதவீதம் சிறிதாகத் தெரியும், அதில் தப்பில்லை. தப்பு தாமதத்தில். 2021 ஜனவரிக்குச் சேர வேண்டிய 2 சதவீதம் 2024 ஏப்ரல் சம்பளத்தோடுதான் கிடைத்தது. மூணு வருடத்துக்கு மேல்!

சரி, நம் பக்கம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. கொரோனாவில் முடக்கிய பஞ்சப்படியை மத்திய அரசு 2021 ஜூலையில் திறந்துவிட்டது. நாம் 2022 ஜனவரி வரை 17 சதவீதத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஊதிய மாற்றத்தில் அவர்கள் முறைதான் எனக்குப் பிடிக்கும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அடிப்படையையே தூக்கி வைக்கிறார்கள், அந்த 26,500 அப்படி வந்ததுதான். நாம் மத்திய ஊதியக் குழு பத்து வருடத்துக்கு ஒரு தடவை சொல்வதற்காகக் காத்திருக்கிறோம். அங்கேயும் 2024 ஜூலையில் வர வேண்டிய மாற்றம் அந்தத் தேதியில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் எப்படி என்று அவன் கேட்டான். அங்கே மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கு 1990-இல் போட்ட சட்டம் இருக்கிறது. விலைவாசியைப் பார்ப்பதில்லை, தனியார் துறையில் கூலி எவ்வளவு ஏறியதோ அதில் அரை சதவீதப் புள்ளி குறைத்துக் கொடுக்க வேண்டும், ஊருக்கு ஊர் தனிப் படியும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருளாதாரம் சரியில்லை என்று சொல்லி அதிபர் வேறு எண்ணைப் போடலாம், பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். 2011 முதல் 2013 வரை மூன்று வருடம் அந்த உயர்வே இல்லை. தவிர, நம்ம ஊரில் முந்திரி ஆலைக் கூலியையும் துணிக்கடைக் கூலியையும் பார்த்துச் சம்பளம் ஏற்றினால் என் கதி என்ன ஆகும்? அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டோம்.

என் ஓட்டு நம் முறைக்கு, பஞ்சப்படி ஓரளவு நேரத்துக்கு வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக. பெரிய சம்பளத்தில் வராத சதவீதத்தைவிட, சின்னச் சம்பளத்தில் கைக்கு வரும் சதவீதத்தை நம்பித்தான் சிட்டுக்காரனுக்கு வாக்குக் கொடுக்க முடியும். இதைச் சொன்னதும் அவன், "மக்கா, 2016-க்குப் போட்ட புதுச் சம்பளத்தை உங்களுக்கு 2017 அக்டோபர்ல இருந்துதானே கையில தந்தாவ? அந்த 21 மாசத்துப் பாக்கி எங்கே?" என்றான். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.