கிரேட்ஸ்கூல்ஸ்: ஒற்றை எண்ணில் அடங்காத பள்ளி ஒப்பீடு

அமெரிக்காவில் வீடு தேடும் பெற்றோர் ஒரு பள்ளியைப் பற்றி முதலில் அறிவது, பெரும்பாலும் வீட்டு விளம்பரத்தின் அடியில் இருக்கும் ஓர் எண்ணைத்தான். ஒன்று முதல் பத்து வரையிலான அந்த எண்ணை வழங்குவது, 1998இல் தொடங்கப்பட்ட கிரேட்ஸ்கூல்ஸ் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம். ஒரே பள்ளி மாவட்டத்துக்குள் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பு) இருக்கும் பள்ளிகளை ஒப்பிட இந்தச் சேவை எவ்வளவு உதவும் என்பதே என் கேள்வி.

பயன்படுத்துவதற்கு எளிது, கட்டணமும் இல்லை. முகவரியை இட்டால் சுற்றுவட்டாரப் பள்ளிகள் வந்துவிடும். 4 வரை சராசரிக்குக் கீழ், 5, 6 சராசரி, 7 முதல் அதற்கு மேல் என்று பொருள். ஆனால் தேர்வு மதிப்பெண்கள் குடும்ப வருமானத்தோடு இறுகப் பிணைந்தவை என்பதால், அவற்றுக்குத் தரும் எடை கூடக்கூட, பள்ளி என்ன கற்பித்தது என்பதைவிட யாருடைய பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள் என்பதையே அந்த எண் காட்டத் தொடங்கும். இந்தக் குறை பலமுறை சுட்டிக்காட்டப்பட்டு, 2017இலும் 2020இலும் கணக்கிடும் முறை திருத்தப்பட்டது. மாணவர் முன்னேற்றத்துக்கு முன்னைவிட அதிக இடம் கிடைத்தது. ஆகவே மொத்த எண்ணைக் கடந்து, முன்னேற்றத்துக்கான உள்மதிப்பைத் திறந்து பார்ப்பதே பயன் தரும். மொத்தத்தில் 5, முன்னேற்றத்தில் 8 பெற்ற பள்ளியையும், அப்படியே தலைகீழாகப் பெற்ற பள்ளியையும் என் முன் வைத்தால் நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். கட்டாய மாநிலத் தேர்வுகள் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன என்பதால், இரண்டாம் வகுப்போடு முடியும் பள்ளிகளுக்கு இந்த வழி உதவாது.

வளங்களைப் பொறுத்தவரை இந்தச் சேவை போதாது. ஒவ்வொரு பள்ளியைப் பற்றியும் மாநில அரசு வெளியிடும் அறிக்கை அட்டையை நாடியே ஆக வேண்டும். 2015இல் நிறைவேறிய கூட்டாட்சிக் கல்விச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவருக்கு ஆகும் செலவை, ஊழியர்களின் உண்மையான ஊதியத்தைக் கொண்டே கணக்கிட்டு வெளியிடச் சொல்கிறது. அதற்கு முன் பல மாவட்டங்கள் சராசரி ஊதியத்தை வைத்துக் கணக்கிட்டதால், அனுபவமிக்க ஆசிரியர்கள் வசதியான பகுதிப் பள்ளிகளில் குவிந்திருந்தாலும் ஏட்டில் எல்லாப் பள்ளிகளும் சமமாகவே தெரிந்தன. இப்போது வேறுபாடு தெரிகிறது, ஆனால் அதன் காரணம் தெரிவதில்லை. ஒரு பள்ளியின் செலவு கூடுதலாக இருப்பது மூத்த ஆசிரியர்களாலா, மாவட்டத்தின் சிறப்புக் கல்வி வகுப்புகள் அங்கே நடப்பதாலா, ஏழை மாணவர்களுக்கான டைட்டில் ஒன் நிதியாலா, அல்லது மாணவர் எண்ணிக்கை குறைந்ததாலா என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடாது. பெற்றோர் சங்கம் தனியே திரட்டும் நன்கொடை பல இடங்களில் இக்கணக்குக்குள் வருவதும் இல்லை. கணக்கில் வராத அந்தப் பணம்தான் சில பள்ளிகளில் இசை ஆசிரியரையோ நூலகரையோ தாங்கி நிற்கிறது.

அறிக்கை அட்டைகளின் வடிவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எண்ணுக்குப் பதில் நிறங்களைக் காட்டும் கலிபோர்னியாவின் முறை எனக்குப் பிடித்தது. இன்றைய நிலையையும் முந்தைய ஆண்டிலிருந்து வந்த மாற்றத்தையும் சேர்த்தே அது நிறத்தை முடிவு செய்கிறது. ஆலோசகர்கள், உயர்நிலைப் பாடங்கள், மாணவர் இடைநீக்கங்கள் ஆகியவற்றைப் பள்ளிவாரியாக அறியக் கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் தரவுத் தொகுப்பு உண்டு. அது வெளிவரும்போதே தகவல் சில ஆண்டுகள் பழையதாகிவிடும். எனவே அதில் கண்டதைப் பள்ளி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.